எஃப்5 அழுத்தினால் வெளிச்சம் குறைகிறதா? ஃபங்ஷன் கீ விஷயத்தில் செய்யக் கூடாதவை

டேலி என்ற கணக்கு மென்பொருளில் தினமும் கணக்கு எழுதுகிறவர்களுக்கு எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். யோசிக்காமலே விரல் போகும். புது லேப்டாப்பில் அதே எஃப்5-ஐத் தட்டினால் வவுச்சர் மாறாமல் திரையின் வெளிச்சம் குறைகிறது. உடனே "கீபோர்டு போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது, பணமும் வீணாகிறது.

மேல் வரிசை விசைகளுக்கு இரண்டு வேலை. ஒன்று எஃப்1 முதல் எஃப்12 வரையிலான பழைய வேலை. மற்றொன்று ஒலி, வெளிச்சம், வைஃபை போன்றவற்றைக் கட்டுப்படுத்துவது. இப்போது வரும் பல லேப்டாப்களில் இரண்டாவதுதான் முன்னால் இருக்கும். பழைய வேலை வேண்டுமென்றால் எஃப்என் (Fn என்று அச்சிட்ட) விசையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் ஒரு சோதனை. டெஸ்க்டாப்பில் ஏதாவது ஒரு ஃபைலை ஒரு முறை கிளிக் செய்து, எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு எஃப்2-ஐ அழுத்துங்கள். பெயர் மாற்றச் சொல்லிக் கேட்டால் விசையில் எந்தக் குறையும் இல்லை. முறை மட்டும் மாறியிருக்கிறது.

அந்த முறையை மாற்றுவது சுலபம். எஸ்கேப் விசையில் சின்னப் பூட்டுப் படமோ எஃப்என்லாக் என்ற எழுத்தோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். லெனோவோ, டெல், ஏசுஸ் ஆகியவற்றின் பல மாடல்களில் இது உண்டு. இல்லாவிட்டால் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய லேப்டாப்பின் செட்டிங்ஸ் பக்கத்தில், தேட வேண்டும்: பல ஹெச்பி மாடல்களில் ஆக்‌ஷன் கீஸ் மோட், லெனோவோவில் ஹாட்கீ மோட், ஏசரில் ஃபங்ஷன் கீ பிஹேவியர். மேக்புக்கில் பயாஸ் தேவையில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குள், கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்பதன் கீழேயே அதற்கான பொத்தான் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. முறையை மாற்றாமல் விட்டால் திறந்திருக்கும் விண்டோவை மூடும் ஆல்ட்+எஃப்4 போன்ற குறுக்குவழிகளுக்கும் எஃப்என் சேர வேண்டும். அது தெரியாமல் ஆல்ட்+எஃப்4 வேலை செய்யவில்லை என்று தனியாக ஒரு கோளாறைத் தேடுகிறவர்கள் நிறைய.

பெரிய தவறு என்று நான் நினைப்பது விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. எஃப்என் விசையைப் பெரும்பாலான லேப்டாப்களில் விண்டோஸ் பார்ப்பதே இல்லை. மதர்போர்டில் இருக்கும் ஒரு தனிச் சிப் அதைக் கவனித்து, முடிவை மட்டும் விண்டோஸுக்கு அனுப்புகிறது. விசைகளை மாற்றியமைக்கும் மென்பொருள்களில் எஃப்என் பெரும்பாலும் தென்படாததற்கும் இதுதான் காரணம். எனவே முறை மாறியிருப்பதற்கு விண்டோஸ் மருந்தல்ல. திரும்பப் போட்டால் நிலைமை மோசமாகவும் கூடும்: திரையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாமல், விண்டோஸின் தற்காலிக ஏற்பாடான மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் ஓடும் லேப்டாப்பில் வெளிச்ச விசைகள் அசையாது. மற்ற படவிசைகள் சிலவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஹாட்கீ மென்பொருளும் வேண்டும். இவற்றை லேப்டாப்பின் சீரியல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பயாஸுக்குள் போகும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து திரும்ப ஆன் பண்ணி எஃப்2 அல்லது எஃப்10-ஐத் தட்டினால் சில நேரம் பிடிக்காது, விண்டோஸ் முழுதாக அணையாமல் வேகமாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால். அப்போது ரீஸ்டார்ட் கொடுத்துத் தட்டிப் பாருங்கள். உள்ளே போன பிறகு தேவையான ஒன்றை மட்டும் மாற்றிச் சேமித்துவிட்டு வந்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோனால் செக்யூர் பூட் போன்ற பாதுகாப்பு அமைப்புகள் மாறி, அடுத்த முறை டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்தப் பூட்டு (என்க்ரிப்ஷன்) தானாகவே ஆன் ஆகிவிடும், சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. அந்த கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். பயாஸைத் தொடுவதற்கு முன் அதை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதைத் திறக்க வழியில்லை.

கோளாறு மாதிரித் தெரியும், ஆனால் கோளாறு இல்லாதவையும் சில உண்டு. ஆன் பண்ணும்போது எஃப்8 தட்டினால் சேஃப் மோட் (அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் திறக்கும் முறை) வரவில்லையா? விண்டோஸ் 8 முதல் அந்த வழி டீஃபால்ட்டாக மூடியே வருகிறது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். பழைய சின்ன லேப்டாப்பில் ஜே, கே, எல் தட்டினால் 1, 2, 3 விழுகிறதா? எழுத்து விசைகளை எண் விசைகளாக்கும் நம்லாக் ஆனாகிவிட்டது. டச்பேடு திடீரென்று செத்துவிட்டதா? அதற்கான படம் போட்ட விசையில் தெரியாமல் கை பட்டிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு விசை மட்டும் அடம் பிடித்தால், யாரிடமாவது ஒரு யூஎஸ்பி கீபோர்டை இரவல் வாங்கிச் செருகி, அதே விசையை அதில் அழுத்துங்கள். அதில் வேலை செய்தால் லேப்டாப் கீபோர்டில்தான் பழுது. அதிலும் செய்யாவிட்டால் குறை மென்பொருளில். பழுதுதான் என்று உறுதியானால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுச் சந்தையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் "இதுவும் உட்காரும்" என்று வேறு மாடல் கீபோர்டைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த விசைக்கு எந்த வேலை என்பதை அந்த மதர்போர்டுச் சிப்தான் தீர்மானிக்கிறது. புதுக் கீபோர்டில் ஒலிப் படம் அச்சிட்ட விசை வெளிச்சத்தைக் கூட்டலாம். உங்கள் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதற்கானதையே கேட்டு வாங்குங்கள்.