வீட்டில் நிற்கும் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சியில் சேர்ப்பது எப்படி: ஊர்ச் சங்கங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும்

படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளையோரை உலகம் முழுவதும் 'நீட்' என்று ஒரே சொல்லில் எண்ணுகிறார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் கணக்குப்படி 2023 இல் 15 முதல் 24 வயது வரையானவர்களில் 20.4 வீதம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இருவர் பெண்கள். இதைச் சோம்பேறிகளின் கணக்கு என்று நினைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினால் ஒரு பிள்ளையும் உங்களோடு மனம் விட்டுக் கதைக்காது. மறித்து நிற்பவை பெரும்பாலும் பஸ் நேரம், ஒரு பத்திரத்தில் உள்ள எழுத்துப்பிழை, வீட்டில் பார்க்க ஆளில்லாத தம்பி தங்கச்சி போன்றவைதான். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஊர்களில் இதைச் செய்வதென்றால் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவோடு தொடங்குங்கள். வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருக்க மாட்டார்கள், ஆகவே வீடு வீடாகத்தான் போக வேண்டும். இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெரும்போக வெட்டு நடக்கும் நாட்களைத் தவிருங்கள். கடந்த 7 நாட்களில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் சர்வதேச வரையறைப்படி அவர் வேலையில் இருப்பவர். வெட்டுக் காலத்தில் கணக்கெடுத்தால் மூட்டை ஏற்றப் போன பையன்கள் எல்லோரும் பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள், இரண்டு மாதத்தில் திரும்பவும் சந்தியில் நிற்பார்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. கடந்த கிழமை சம்பளத்துக்கு ஏதும் செய்தீர்களா? எங்காவது படிக்கப் பதிந்திருக்கிறீர்களா? நாளைக்கே ஒரு பயிற்சி கிடைத்தால் போகவிடாமல் மறிப்பது எது? மூன்றாவதுக்கு வரும் பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "விருப்பமில்லை" என்று சுருக்கி எழுதினால் அடுத்த அடி வைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. "மகள் சும்மாதான் நிக்கிறா" என்று தாய் சொன்னால், காலை 5 மணியிலிருந்து அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று மெல்லக் கேளுங்கள்.

பட்டியல் முடிந்ததும் காரணத்தைக் கொண்டு பிரியுங்கள். ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவருக்கு நீண்ட கற்கைநெறி சரிவராது. சில மாதங்களில் முடியும் கணினியோ ஆங்கிலமோ போதும். ஓ.எல். சித்தியடையாதவருக்கு இரண்டு வழி உண்டு: 13 வருட உத்தரவாதக் கல்வி (ஓ.எல். சித்தியடையாவிட்டாலும் 13 ஆம் தரம் வரை படிக்க விடும் திட்டம்) நடக்கும் பாடசாலையில் தொழிற்பிரிவில் சேரலாம், அல்லது ஓ.எல். கேட்காத என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) கற்கைநெறி ஒன்றைப் பார்க்கலாம். மேசன் வேலை, வயரிங், கராஜ் என்று ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்து, கையில் பத்திரம் மட்டும் இல்லாதவரைத் திரும்ப வகுப்பில் இருத்த வேண்டாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் அவர் நேரே மதிப்பீட்டுக்குப் போகலாம். செய்த வேலைகளின் புகைப்படங்களையும் வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் இன்றைக்கே ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதிகம் பிழை வருவது பத்திரங்களில்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுத் தாள் நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை விரலால் தொட்டு எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஒன்றில் 'ஜெயசீலன்', மற்றதில் 'ஜெயசிலன்'. ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கும், மற்றதில் இருக்காது. இந்த ஒரு சுழிக்காகப் பின்னால் சான்றிதழே தடைப்படலாம். திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். அதற்கு நாள் எடுக்கும் என்பதால், விண்ணப்பம் கோரும்வரை காத்திராமல் பட்டியல் எடுத்த கிழமையிலேயே தொடங்குங்கள். 15 வயதாகியும் அடையாள அட்டை இல்லாதவர்களையும் அப்போதே பிடித்துவிடலாம்.

இனி இடம். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ளன. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை), இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவையும் கற்கைநெறிகள் நடத்துகின்றன. தனியார் நிலையமென்றால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? நீங்கள் சேரப்போகும் கற்கைநெறி தரச்சான்று பெற்றதா? முதலாவதுக்கு மட்டும் "ஓம்" என்றால் அந்தக் கற்கைநெறியின் முடிவில் என்.வி.கியூ. கிடைக்காது. சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைக் காட்டி ஆயிரக்கணக்கில் காசு வாங்குவது இந்த இடைவெளியில்தான். என்.வி.கியூ.வின் ஏழு மட்டங்களில் கைவினைஞனுக்கு வேண்டியது 4 ஆம் மட்டம். டிப்ளோமா 5 இலும் 6 இலும் வரும், பட்டம் 7 இல். பணம் கட்டுமுன் பட்டறைக்குள் போய் வெல்டிங் பிளான்ட் எத்தனை, மாணவர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அம்பாறை நகரில் சேர்வதானால் கற்பிக்கும் மொழி தமிழா சிங்களமா என்பதை முதலில் கேளுங்கள்.

பயணச் செலவைத் தாளில் போடுங்கள். ஒரு நாளைக்குப் போய்வரும் பஸ் காசு, மதியச் சாப்பாடு, இரண்டையும் கூட்டி, மாதத்துக்கு 22 வகுப்பு நாள் என்று வைத்து 22 ஆல் பெருக்குங்கள். பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு பஸ் என்றால் இரண்டையும் போடுங்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) போகிறவருக்கு அதன் நேரமும் கணக்கில் சேர வேண்டும். உதவிப்பணம் தருவார்கள் என்றால் எந்த மாதத்திலிருந்து கைக்கு வரும் என்று கேளுங்கள். அது வரும்வரையான காலத்துக்குச் சங்கம் பொறுப்பெடுக்காவிட்டால் பிள்ளை முதல் மாதத்திலேயே நின்றுவிடும்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேரை ஒரே வகுப்பில் சேருங்கள், பொழுதுபடுமுன் வீடு வந்து சேரும் பஸ் உள்ள இடமாகப் பாருங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். அம்மம்மாவோடு மட்டும் கதைத்துவிட்டு வராமல், வட்ஸ்அப்பில் தாயோடும் கதையுங்கள். வேலைத்தளப் பயிற்சி எங்கே நடக்கும் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் நன்றாகப் படித்த பிள்ளை, அது கொழும்பில் என்று கேள்விப்பட்டதும் நிற்பதை இதனால் தடுக்கலாம்.

சேர்த்த பிறகு முதல் நாள் கூடப் போங்கள். 10 ஆம் நாளும் 30 ஆம் நாளும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கும்படி போதனாசிரியரிடம் சொல்லி வையுங்கள், அன்று பின்னேரமே வீட்டு வாசலில் நில்லுங்கள். இரண்டு கிழமை கடந்தால் வெட்கத்திலேயே திரும்பிப் போக மாட்டார்கள்.

இறுதி மதிப்பீட்டில் ஓரிரு அலகுகளில் (கற்கைநெறியின் தனித்தனிப் பகுதிகளில்) "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று வந்தால் 'பெயில்' என்று நினைத்து வீட்டில் முடங்குபவர்கள் உண்டு. தேர்ச்சி பெற்ற அலகுகளுக்கு, அவற்றைக் காட்டும் அடைவுப் பதிவு என்ற பத்திரம் கிடைக்கும். விடுபட்ட அலகுகளுக்குத் திரும்பவும் மதிப்பீட்டுக்குப் போகலாம். அன்றைக்கே நிலையத்துக்குப் போய், எந்த அலகு, அடுத்த மதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை எழுத்தில் வாங்கி வாருங்கள்.