புனிதர் பெயர் தாங்கிய இடங்களைத் தமிழில் எழுதும் முறை

திருமண அழைப்பிதழோ இரங்கல் அறிவிப்போ பள்ளி மலரோ, சிங்கப்பூரில் தமிழில் எதை எழுதினாலும் ‘செயின்ட்’ என்று தொடங்கும் ஓர் இடப்பெயர் எங்கேனும் குறுக்கிட்டுவிடும். அதை ஒலித்தபடியே எழுதுவதா, ‘புனித’ என்று தமிழாக்குவதா என்ற ஐயம் எழும்போது, அந்தப் பெயர் அந்த இடத்திற்கு எப்படி வந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

புனிதர் ஒருவரின் பெயரைச் சூட்டுவதற்குக் காரணங்கள் பல. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம், திருத்தூதர் பவுல் மனமாறியதை நினைவுகூரும் திருநாளான ஜனவரி 25ஆம் தேதி, 1554ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதால் அவர் பெயரைப் பெற்றது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் பெயருக்கோ நன்றியே காரணம். ஆண்ட்ரூ, அதாவது திருத்தூதர் அந்திரேயா, ஸ்காட்லாந்தின் பாதுகாவலர் என்பதால், முதல் ஆலயத்தைக் கட்ட நன்கொடை அளித்த ஸ்காட்லாந்து வணிகர்களைச் சிறப்பிக்க அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தனர். அந்தக் கட்டடத்தை இருமுறை இடி தாக்கியது. பின்னர் அது இடிக்கப்பட்டது. இன்றுள்ள பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862இல் அர்ச்சிக்கப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்த சென்னைச் சுண்ணாம்பைத்தான் அதன் சுவர்களுக்குப் பூசினார்கள். பெயர் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது, பூச்சு நம்மவர்களுடையது என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறானது செயின்ட் ஜான்ஸ் தீவு. அதன் மலாய்ப் பெயர் புலாவ் சகிஜாங் பெண்டேரா. ‘சகிஜாங்’ என்பதே ஆங்கிலேயர் காதில் ‘செயின்ட் ஜான்’ என்று விழுந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள். 1874 முதல் நோய்த்தடுப்பு முகாமாக இருந்து, கப்பலேறி வந்த தமிழர் பலரும் ஒதுங்க நேர்ந்த அந்தத் தீவின் பெயரில் உண்மையில் எந்தப் புனிதரும் இல்லை. ஆகவே ஜானுக்குரிய பழைய தமிழ்ப் பெயரைக் கொண்டு அதைப் ‘புனித அருளப்பர் தீவு’ என்று எழுதுவது, பக்தியோடு எழுதினாலும் பிழையே.

சாலை, தீவு, பள்ளி ஆகியவற்றின் பெயர்கள் அடையாளப் பெயர்கள். அவற்றை ஒலிபெயர்ப்பதே முறை. செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை, செயின்ட் பேட்ரிக்ஸ் சாலை என்று எழுதும்போது இறுதியிலுள்ள ‘ஸ்’ பெயரின் பகுதி என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. வழிபாட்டுத் தலங்களை மட்டும் அங்கு வழிபடும் தமிழர் அழைக்கும் விதமாகவே எழுதலாம். ஓஃபிர் சாலையில் 1888 முதல் தமிழ்க் கத்தோலிக்கர்களின் தாய்வீடாக விளங்கும் ஆலயத்தை ‘லூர்து மாதா கோயில்’ என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது.

கவனம் மிகுதியாகத் தேவைப்படும் இடம் புனிதர்களின் தமிழ்ப் பெயர்களே. பழைய கத்தோலிக்க வழக்கில் பேதுரு இராயப்பர் ஆவார். பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், யோசேப்பு சூசையப்பர், அந்திரேயா பெலவேந்திரர். சீர்திருத்தத் திருச்சபையினர் இப்பெயர்களைப் பயன்படுத்துவதில்லை என்பதால், ஆங்கிலிக்கன் திருச்சபைக்குரிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் ‘பெலவேந்திரர் கோயில்’ என்று எழுதினால் அங்கு வழிபடுவோருக்கே அது அந்நியமாகத் தோன்றும். அடைமொழியும் அப்படித்தான்: பழைய கத்தோலிக்க ஏடுகளில் ‘அர்ச்.’ என்ற சுருக்கத்தையும் இன்று ‘புனித’ என்பதையும் காணலாம். தென்னிந்தியத் திருச்சபையினர் ‘தூய’ என்பதை விரும்புவார்கள். ஐயமிருந்தால் அந்தந்த ஆலயத்தின் தமிழ் அறிவிப்புத் தாளைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பானது.

ஒரே பெயரில் பல புனிதர்கள் இருப்பதையும் மறக்கக் கூடாது. ‘செயின்ட் ஃபிரான்சிஸ்’ என்று மட்டும் இருந்தால் அவர் அசிசியாராகவும் இருக்கலாம், சவேரியாராகவும் இருக்கலாம். கம்போங் பாருவில் 1929இல் திறக்கப்பட்ட தெரசா ஆலயம், 1925இல் புனிதர் பட்டம் பெற்ற குழந்தை தெரசாளுக்கு உரியது; அவிலா நகரத் தெரசாளுக்கு உரியதன்று. திருவிழா நாளை விசாரித்தாலே இக்குழப்பம் தீர்ந்துவிடும், ஏனெனில் குழந்தை தெரசாளின் விழா அக்டோபர் 1, அவிலா தெரசாளின் விழா அக்டோபர் 15.

வாக்கியத்தில் அமைக்கும்போது புனிதருக்கு உயர்திணையும் இடத்திற்கு அஃறிணையும் வர வேண்டும்: ‘அந்திரேயா மீனவராக இருந்தார்’, ‘செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை பாடாங் திடலை ஒட்டிச் செல்கிறது’. ஆங்கில முகவரியைப் பார்த்து எழுதுவோர், ‘எஸ்’, ‘டி’ என்னும் ஈரெழுத்துச் சுருக்கம் பெயருக்கு முன்னால் வந்தால் ‘செயின்ட்’ என்றும் பின்னால் வந்தால் ‘ஸ்திரீட்’ என்றும் பிரித்தறிய வேண்டும். அழைப்பிதழில் ஆலயத்தின் பெயரைத் தமிழ் வழக்கிலும் சாலையின் பெயரை ஒலிபெயர்ப்பிலும் அச்சிட்டு, கீழே ஆறிலக்க அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துவிட்டால், டாக்சி ஓட்டுநருக்கும் வழி தெரியும்.