வீட்டிலேயே நெட்வொர்க் கேபிள் அடிப்போருக்கு

ரௌட்டரிலிருந்து மாடி அறைக்கு ஒரு கேபிள் வேண்டுமென்றால், கொழும்பு புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ கேட்-6 எனும் நெட்வொர்க் கேபிளை மீற்றர் கணக்கில் வாங்கி நீங்களே அடிக்கலாம். வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கட்டாயம் கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது மலிவு, ஆனால் சீக்கிரம் முறியும், தூரம் கூடினால் சிக்னலும் பலவீனமாகும்.

கேபிள் முனையில் போடும் ஆர்ஜே-45 பிளக்கின் கிளிப் மறுபக்கமும் பொன்னிறப் பின்கள் உங்கள் பக்கமும் இருக்க, இடமிருந்து கம்பிகளின் நிற வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரண்டு முனையிலும் இதே வரிசைதான்.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு: சோடி சோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள், அந்த முறுக்குதான் மின் இரைச்சலைத் தடுக்கிறது, அப்புறம் வெளி உறையும் பிளக்குக்குள் போய் இறுகினால்தான் இழுக்கும்போது கழராது.

சரி, பிளக்கை அழுத்தி இறுக்கும் கருவியான கிரிம்பரால் அழுத்தியாயிற்று, இணைப்பும் வந்துவிட்டது, ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கு சோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும், ஒரு கம்பி சரியாகப் படாமல் இருக்கலாம். சின்ன கேபிள் டெஸ்டர் ஒன்று எந்தக் கம்பியென்று காட்டிவிடும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதுப் பிளக் போடுங்கள்.