மறதி நோயில் ஒருவரைப் பறிகொடுத்த பிறகு: பார்த்துக்கொண்டவர்களுக்கு

சாவு வீட்டில் உங்களுக்கு அழுகை வராமல் போகலாம். வெளியே தப்பு அடிக்கிறார்கள், கொழும்பிலிருந்து வந்த நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள், நீங்கள் மட்டும் தேத்தண்ணி போதுமா, கதிரை போதுமா என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். "மருமகதானே, அதான் கண்ணுல தண்ணி வரல" என்று யாராவது முணுமுணுப்பதும் காதில் விழும். விழட்டும். மறதி நோய்க்காரரை வருடக்கணக்கில் பார்த்தவர்களுக்கு இது சாதாரணம்.

உங்கள் பெயரை அவர் மறந்த அன்றைக்கு அழுதிருப்பீர்கள். சொந்த மகனைப் பார்த்து "யாருங்க நீங்க?" என்று கேட்ட அன்றைக்கும் அழுதிருப்பீர்கள். அதற்கெல்லாம் யாரும் வந்து துக்கம் விசாரிக்கவில்லை. ஆள்தான் கண்முன்னே உட்கார்ந்திருக்கிறாரே. இப்படி இருக்கும்போதே இல்லாமல் போகிற இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பாலின் பொஸ் 1970களிலிருந்தே எழுதி வருகிறார். முடிவு தெரியாத இழப்பு என்பதால் துக்கமும் ஒழுங்காக ஆரம்பிக்காமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பது அவர் சொல்வது. சாவுக்குப் பிறகு நமக்கு இருக்கிற வேலை, அந்தப் பழைய பாக்கியைத் தீர்ப்பதுதான்.

நான் பார்த்தது என் அத்தையை, கணவரின் அம்மாவை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்ன வயதிலேயே பேர் பதிந்து, உடம்பு விட்ட காலம்வரை கொழுந்து எடுத்தவர். கடைசி வருடங்களில் விடியுமுன்னே எழும்பி, பெட்ஷீட்டை, கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்கு மாதிரி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகக் கூடை தேடுவார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயம்மா என்று என்னை நினைத்து, "பிள்ளைக்குப் பால் குடுத்தியா?" என்று அதட்டுவார். குடுத்தாச்சு என்று சொன்னால்தான் அடங்குவார்.

முதலில், மனதுக்குள் எட்டிப் பார்க்கிற அந்த "அப்பாடா"வைப் பற்றி. இனி இரவில் தூங்கலாம், இனி உடுப்பு மாற்றப் போராட வேண்டாம் என்று தோன்றும். தோன்றியதுமே, "நான் என்ன மனுஷி?" என்றும் தோன்றும். இரண்டும் ஒன்றாகத்தான் வரும். அவருடைய கஷ்டமும் உங்கள் கஷ்டமும் ஒரே நாளில் முடிந்திருக்கிறது. உடம்புக்கு அது தெரிகிறது, அவ்வளவுதான். இதை ஊரெல்லாம் சொல்லாதீர்கள், புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரே ஓர் ஆளிடமாவது சொல்லுங்கள், அதுவும் நோய்க்காரரைப் பார்த்த அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது.

அடுத்தது சொந்தக்காரர்களின் வாய். "எலும்பும் தோலுமா இருக்காங்களே, சாப்பாடு ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று கேட்பார்கள், பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களே கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். நோய் முற்றும்போது மென்று விழுங்குவதையே மூளை மறந்துவிடும். உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போய் நியூமோனியா வரும். இந்த நோயாளிகள் பலர் கடைசியில் அதில்தான் சாகிறார்கள். மெலிவதும் நோயின் வேலை. வாயில் பலவந்தமாகத் திணித்திருந்தால் புரையேறித்தான் இருக்கும். இதை அவர்களுக்குச் சொல்கிறீர்களோ இல்லையோ, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நடு இரவில் அந்தக் கேள்வியைக் கேட்கப் போவது நீங்கள்தான்.

மாலை போடுகிற படத்துக்கு, கடைசிக் காலத்துப் போன் படத்தைப் பெரிதாக்கிவிடாதீர்கள். அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், கையில் இருப்பது அதுதான். அந்த வெறித்த முகம் சுவரில் ஏறிவிட்டால் பிறகு மனதிலும் அதுவேதான் நிற்கும். பழைய அடையாள அட்டைப் படம், யாருடைய கல்யாண அல்பத்திலோ ஓரமாக நிற்கிற படம், எதுவானாலும் நோய்க்கு முந்தியதாகத் தேடி எடுங்கள்.

கருமாதிக்கு வருவோம். என்னைக் கேட்டால், பதினாறாம் நாள்தான் நமக்குக் கிடைக்கிற மிகப் பெரிய உதவி. சடங்கை ஐயர் பார்த்துக்கொள்வார், சமையலை லயத்து வரிசை வீடுகளிலுள்ள பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள், இறந்தவரோடு ஒரே மலையில் நின்று வேலை செய்த கிழவிகளைத் தேடிப்பிடித்து உட்கார வையுங்கள். தோட்டத்தின் வேறு டிவிஷனுக்குப் போனவர்கள் என்றால் ஓட்டோ அனுப்பியாவது கூப்பிடுங்கள். வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, "அத்தை வேலைக்காட்டுல எப்படி?" என்று மட்டும் கேளுங்கள். போனில் பதிவைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இடையில் புகுந்து திருத்தினால் பேச்சு நின்றுவிடும்.

எங்கள் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், அன்றைக்கு நான்கைந்து பேர் உட்கார்ந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், இலையில் இருக்கிற தண்ணீருக்கென்று நிறையில் கிலோக் கணக்கில் வெட்டிய கணக்கப்பிள்ளையோடு அத்தை சண்டை பிடித்த கதையை ஒருத்தி சொன்னார். கூடையைத் தராசுக்குக் கீழேயே வைத்துவிட்டு, "வெட்டுனதத் திருப்பி எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று நின்றாராம். பின்னால் வரிசை முழுதும் நின்றதாம். கொழுந்தை ஒரே மட்டமாக எடுக்க வைத்திருக்கிற மட்டக்கம்பைத் தேயிலைச் செடிமேல் கிடத்துவதுபோல் வெற்றிலைத் தட்டின்மேல் கையைக் கிடத்திக் காட்டினார் இன்னொருத்தி: "இப்படித்தான். அவ எடுத்த மரத்த யாரும் திருப்பிப் பாக்கத் தேவையில்ல." எனக்குக் கல்யாணமாகி வந்தபோது அத்தைக்கு முழங்கால் போயிருந்தது. இந்த மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

பிறகுதான் அந்தக் கோச்சி விஷயம், ரயில் விஷயம். நோய் முற்றிய நாளில் அத்தை ஓயாமல் "கோச்சி வந்துருச்சா? அண்ணன் ஏறிட்டானா?" என்று கேட்பார். எங்கள் பக்கம் கோச்சியே ஓடாது, பிதற்றல் என்றுதான் விட்டிருந்தோம். கூட வேலை செய்த கிழவி சொன்னார்: இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகிற தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, கப்பலேறத் தலைமன்னாருக்குக் கோச்சி போன காலத்தில், ஹட்டன் ஸ்டேஷனில் அண்ணனை ஏற்றிவிட்டு வந்தவர் அத்தை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. மறதி நோய் அண்மைய நினைவுகளைத்தான் முதலில் அழிக்கும். பழையவை வெகுகாலம் தாங்கும். காலையில் சாப்பிட்டது தெரியாதவருக்கு அந்த ஸ்டேஷன் அப்படியே இருந்திருக்கிறது. உங்கள் ஆளும் திரும்பத் திரும்ப எதையாவது கேட்டிருப்பார். அதை எழுதி வைத்துக்கொண்டு பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. ஒன்றுக்குக் கிடைத்தாலும், கடைசி வருடங்களில் உங்களோடு இருந்தது யார் என்பது கொஞ்சம் விளங்கும்.

அன்றைக்கு இரவுதான் எனக்கு அழுகை வந்தது. லயத்துக் காம்பராவில் அழுவதும் லேசான காரியமில்லை, கூரைக்கு அடியால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பீலிக்கரைக்கு உடுப்பு அலசப் போங்கள், ஆளில்லாத நேரமாகப் பார்த்து. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் வெளியே தெரியாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. அவர் வெளியே போய்விடாமலிருக்கக் கதவின் உச்சியில் பூட்டிய கொண்டியைக் கழற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை, கதவைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் கை தானாக மேலே போகும். நாற்றம் பிடித்த மெத்தையை எரித்துவிடுங்கள். படங்கையோ கம்பளியையோ வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழும்பும் நேரத்துக்கு இன்னும் சில மாதம் உங்களுக்கு விழிப்பு வரும். படுத்துப் புரளாமல் எழும்பி ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பப் படுங்கள். பகல் தூக்கத்தைக் குறைத்தால் மெதுவாகச் சரியாகும்.

வெளியூரில் வேலை செய்யும் கணவருக்குத் துக்கம் பிந்தித்தான் வரும். நீங்கள் தேறிவருகிற நேரம் பார்த்து அவர் உடைவார். அப்போது, "நான் பார்த்தேனே, நீங்க எங்க இருந்தீங்க?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். அந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்த வாரம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு, பதிவு செய்த கதைகளைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் அறிந்தது நோயாளிப் பாட்டியை மட்டும்தான்.

"எனக்கும் வருமோ?" என்ற பயம் பெற்ற பிள்ளைகளுக்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு இது நேரே பரம்பரையாக இறங்குகிற நோய் இல்லை. 65 வயதுக்கு முன்பே தொடங்கும் அபூர்வமான சில வகைகளில்தான் அப்படி. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் உலகில் ஏறத்தாழ 45 வீதமான நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சீனி வியாதி, காது கேளாமை, சிகரெட், மிதமிஞ்சிய குடி எல்லாம் அதில் உண்டு. ஆகவே பயப்படுகிறவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் பிரஷர் பார்க்க வையுங்கள். அது வீண் போகாது.

ஆறு மாதம் கடந்தும், நாள்தோறும் அதே ஏக்கம் வாட்டி, வீட்டு வேலையோ தோட்ட வேலையோ ஓடவில்லை என்றால் அதை நீடித்த துக்கம் என்று மருத்துவத்தில் வகைப்படுத்தியிருக்கிறார்கள்; சிகிச்சையும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் கேளுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே 1926க்கு எடுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் அது.