அரிசி டின்னுக்குள் அலாரம் வைத்தவள் சொல்கிறேன்: அசதியோடு விடியலில் எழுவது எப்படி

இரண்டு மார்கழிக்கு முன்பு, செல்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். தலைமாட்டில் இருந்தால் கை தானாகப் போய் அலாரத்தை அமுக்கிவிடுகிறது. சமையலறையில் தகர டின்னுக்குள் இருந்தால் நடந்துபோய்த்தானே ஆக வேண்டும்? நாலரைக்கு அது கண்டாமணி போல அதிர்ந்தது. அத்தை எழுந்தார், பையன் எழுந்தான், கட்டுத்தரையில் மாடுகள்கூட எழுந்து நின்றன. நானும் எழுந்து போனேன். மூடியைத் திறந்து அலாரத்தை நிறுத்தினேன். டின்னில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மறுபடியும் தூங்கிவிட்டேன்.

எங்கள் ஊர் ஊத்துக்குளிக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் இரண்டு கறவை. ஆறு மணிக்குள் சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும். ஏழே முக்காலுக்குத் திருப்பூர் போகும் கம்பெனி வேன் வந்துவிடும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வீடு திரும்ப ஒன்பதரை ஆகும். ஆகவே அதிகாலையில் எழுவது எனக்கு வாழ்க்கையில் முன்னேறும் வழி ஒன்றும் அல்ல. பால் கறக்கும் வேலை. "விடியலில் எழுபவனே வெல்வான்" என்று தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற உறவினர் ஒருவர் உண்டு. அவர் வீட்டுக் கட்டுத்தரையில் சாணி அள்ளுவது யார் என்று ஒருநாள் கேட்க வேண்டும்.

உங்களுக்கு மாடும் இல்லை, வேனும் இல்லை, ஆறரைக்கு எழுந்தால் போதும் என்றால், தயவுசெய்து ஆறரைக்கே எழுங்கள். இது கட்டாயம் எழ வேண்டியவர்களுக்கும், எழுந்தும் நாள் முழுக்க அசதியோடு நடமாடுகிறவர்களுக்கும்.

முதல் வேலை அலாரத்தை மாற்றுவது அல்ல, கணக்கு எழுதுவது. தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஒரு வாரம், தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதுங்கள். படுத்த நேரத்தை எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். நான் பத்தரைக்குப் படுத்துவிடுவேன். போர்வைக்குள் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே பதினொன்றரை ஆகிவிடும். நாலரைக்கு எழுந்தால் 5 மணி நேரம். ஆறு நாளுக்கு 30. ஞாயிறு 8. ஆக மொத்தம் 38. வளர்ந்த ஆளுக்கு இரவொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தூக்கம் வேண்டும். வாரத்துக்கு 49. பாக்கி 11 மணி நேரம், ஏறத்தாழ ஓர் ஒன்றரை ஷிப்ட். அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு நான் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ஒரு சோதனை. நாலைந்து நாள் தொடர்ந்து விடுமுறை கிடைக்கும்போது, உடல் கேட்கும் அளவுக்குத் தூங்கிப் பாருங்கள். அதன்பின் அசதி தெளிந்தால், குறை தூக்கத்தில்தான் இருக்கிறது. தெளியாவிட்டால் வேறு எங்கோ இருக்கிறது. எங்கள் பக்கம் பொங்கலுக்குக் கம்பெனிகள் ஒரேயடியாக மூடிவிடும். வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துக்கொள்ள, நான் அந்த நாட்களில் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். அடுத்து வந்த தைப்பூசத்துக்குச் சென்னிமலைப் படி ஏறினோம். மேலே போக 1,320 படிகள். அறுபத்தெட்டு வயது அத்தை முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார். நான் மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். நெஞ்சு படபடக்கிறது. அன்றைக்குத்தான் இது தூக்கம் மட்டும் இல்லை என்று புரிந்தது.

முதலில் டவுனில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எதையும் கேட்கவில்லை, எந்தப் பரிசோதனையும் இல்லை. "உடம்பு வீக்" என்று சொல்லி ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அரை லிட்டர் பாட்டிலில், 5 சதவீதக் கரைசல் என்றால், இருப்பது 25 கிராம் சர்க்கரை. எங்கள் அத்தை போடும் இரண்டு தம்ளர் காபியில் அதைவிடக் கொஞ்சம்தான் குறையும். அசதிக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

பிறகு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கேட்டார். அடுத்து, "பச்சரிசி, விபூதி, சாம்பல் ஏதாவது தின்னும் பழக்கம் உண்டா அம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசி டின்னைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கை அரிசியை வாயில் போட்டு மெல்லுவேன். இரண்டு வருடப் பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை. உடம்பில் இரும்புச்சத்து வற்றும்போது இப்படி அரிசியையும் மண்ணையும் தின்னத் தோன்றும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 இருக்க வேண்டும். மாதவிலக்கில் ஏழெட்டு நாள் போவதை நாற்பது வயதுக்கு மேல் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். அப்படி இல்லை. அதற்குத் தனியாக ஸ்கேன் எடுத்து, தனியாக மருந்து சாப்பிட்டேன். ஓட்டையை அடைக்காமல் தொட்டியில் தண்ணீர் விட்டு என்ன பயன்? குடற்புழுவுக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தை உறிஞ்சும். தோட்டம் காட்டுக்குள் வெறுங்காலோடு வேலைக்குப் போகிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் பதினொரு மணிக்கு டீ வரும். மறக்காமல் இருக்கட்டும் என்று டீயோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் வீணாயிற்று. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. பாலும் கால்சிய மாத்திரையும் அப்படித்தான். டீக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடோ ஒரு நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம், பாதகமில்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, கம்பு எல்லாம் நல்லவைதான். ஆனால் 8.4ஐ முருங்கைக்கீரையை மட்டும் வைத்து மேலே ஏற்றிவிடலாம் என்று அத்தை சொன்னதைக் கேட்டிருந்தால் இன்னும் டின்னில் சாய்ந்துதான் கிடந்திருப்பேன். மூன்று மாதத்தில் 11.8 ஆயிற்று. அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; உடலின் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் ஆகும்.

உங்கள் அசதிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். தைராய்டு குறைவு, சர்க்கரை, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவு, இவையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாக ஆகாது. அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், நீங்களே அறிய மாட்டீர்கள், பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்தும் எழ மனமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதுவும் ஒரு நோய்தான். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

சரி, உடம்பைப் பார்த்தாயிற்று. இனி இரவு. இங்கே காசு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றரை ஷிப்டை ஆறு நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்தேன். சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையத்தான் செய்கிறது. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. குளுக்கோஸ் செலவையும், தூக்கக் கலக்கத்தில் நான் கவனிக்காமல் விட்டு மறுசெக்கிங்குக்குத் திரும்பிய பீஸ்களையும் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். இரவுப் பாத்திரம் பையன் பொறுப்பு. பத்தாவது படிக்கிறானே என்று அத்தை தடுத்தார். பத்து நிமிடம் பாத்திரம் கழுவி யாரும் மதிப்பெண் இழந்ததில்லை என்றேன். உங்களால் ஷிப்டைக் குறைக்க முடியாமல் போகலாம். அப்போது காலை வேலையில் எதை யாரிடம் தள்ளலாம் என்று பாருங்கள். அரை மணி நேரம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், காற்றிலிருந்து வராது.

செல்பேசியை ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுக்கிறேன். பத்து மணிக்குக் குழல்விளக்கை அணைத்துவிடுவோம். வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. ஷிப்ட் நீளும் நாட்களில் ஆறரைக்கு வரும் டீயை வேண்டாம் என்று சொல்லப் பழகினேன். டீயில் உள்ள காஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் குடித்தால் பதினொன்றரைக்கும் பாதி உள்ளேயே இருக்கும். நாலு மணி டீயோடு முடித்துக்கொள்ளுங்கள். சத்தம் என்னைப் பொறுத்தவரை ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துத் தறிக்குடோனில் விடிய விடியத் தறி ஓடும்; மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் தெருவே விழித்துக்கொள்ளும்.

எழும் நேரத்தை ஒரேயடியாக முன்னால் இழுக்காதீர்கள். ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருப்பவர் நாளைக்கே நாலரைக்கு எழுந்தால், உடல் சூடு அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில் எழுகிறார் என்று பொருள். நான்கு நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் வாருங்கள். படுக்கும் நேரத்தையும் கூடவே முன்னால் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். ஒன்பது வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை மாட்டுக்கும் உங்களுக்கும் சண்டைதான்.

இனி அந்த முதல் அரை மணி நேரம். எழுந்ததும் மூளை முழுதாக விழிக்க கால் மணி முதல் அரை மணி வரை ஆகும். எல்லோருக்கும் அப்படித்தான், உங்களுக்கு மட்டும் இல்லை. அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய வேலை எதுவும் இருக்கக் கூடாது. நான் இரவே பால் கேனைக் கழுவிக் கவிழ்த்து, வாளியை அதன் பக்கத்தில் வைத்து, புண்ணாக்கை ஊறப் போட்டுவிடுகிறேன். காலையில் கை தானாகச் செய்யும். மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தின் பக்கம் அந்த அரை மணி நேரத்தில் போகவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் தட்டோடு விரலையும் உள்ளே கொடுத்துவிடுவோம். தட்டை மாலையிலேயே வெட்டி வைத்துவிடுங்கள்.

எழுந்ததும் குழல்விளக்கைப் போடுங்கள், மங்கல் விளக்கு போதாது. மார்கழி, தை மாதங்களில் இங்கே சூரியன் வர ஆறரைக்கு மேல் ஆகிவிடும். வந்ததும் கிழக்கு வாசலில் பத்து நிமிடமாவது நில்லுங்கள். அந்த வெளிச்சம்தான் உடலின் கடிகாரத்தைத் திருத்துகிறது, இரவில் சரியான நேரத்துக்குத் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. குளிர் மாதத்தில் போர்வையை விட்டு வர மனம் வராது. சென்னிமலைப் போர்வை ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு வைத்து, அதைச் சுற்றிக்கொண்டே கட்டுத்தரைக்குப் போகிறேன். பார்க்க நன்றாக இருக்காது. மாடு ஒன்றும் சொல்வதில்லை.

மதியம் சாப்பிட்ட பிறகு கம்பெனியில் துணிக்கட்டின் மேல் இருபது நிமிடம் சாய்ந்துகொள்வேன். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். மூன்று மணிக்குப் பிறகு தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும். நூல் மில்லிலும் தறியிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு நான் சொன்ன நேரங்கள் பொருந்தாது. நீங்கள் பகலில் அறையை இருட்டாக்கி உங்கள் ஏழு மணி நேரத்தைத் தூங்குங்கள். விடியலில் எழவில்லையே என்று யாராவது குறை சொன்னால் ஒரு இரவு அவரைத் தறிக்கு அனுப்புங்கள்.

இப்போது நான் நாலரைக்கு எழுவதில்லை. நாலே முக்கால். பால் ஊற்றப் போவது வீட்டுக்காரர் என்பதால் கால் மணி நேரம் மிச்சம். வாரத்தில் ஒரு நாளாவது அலாரத்துக்குப் பிறகும் புரண்டு படுக்கிறேன். பெரிய மாடு கத்தி எழுப்புகிறது. செல்பேசி ஆசாரத்திலேயே இருக்கிறது. அரிசி டின்னைச் சமைக்க மட்டும்தான் திறக்கிறேன். ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பல மாதம் ஆகிறது.