ரட்ஸ்டன் நெடுங்கல்: அளக்கப் போகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

கிழக்கு யார்க்ஷயரில் பிரிட்லிங்டனுக்கு மேற்கே இருக்கிறது ரட்ஸ்டன். அங்குள்ள ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிற்பதுதான் பிரிட்டனின் மிக உயரமான நெடுங்கல், அதாவது தொல்காலத்தில் நிமிர்த்தி நட்ட ஒற்றைக் கல். தரைக்கு மேல் 7.6 மீட்டர். டேப்பை மறப்பது, உச்சி வெயிலில் படமெடுப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். மற்றவை அப்படியல்ல.

இன்றைய புல்தரையைப் பழைய தரையாக நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் இதில்தான் விழுகிறார்கள். "கல்லின் நீளம் 7.6 மீட்டர்" என்று எழுதி, அதை வைத்தே எடை, இழுக்கத் தேவையான ஆள்பலம் எல்லாம் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 1861-இல் தோட்டத்தைச் சமன்படுத்தியபோது கல்லின் அடியில் சுமார் 1.5 மீட்டர் மண்ணுக்குள் போய்விட்டது. அகலம் 1.75 மீட்டர், தடிமன் 1 மீட்டர் என்றால், அந்த ஒரு துண்டு மட்டுமே 6 டன்னுக்குக் குறையாது. இன்னொரு கூட்டம் நேர் எதிர்: 18-ஆம் நூற்றாண்டில் சர் வில்லியம் ஸ்ட்ரிக்லாண்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்து, வெளியே தெரியும் அளவு உள்ளேயும் இருக்கிறது என்றாராம், உடனே "மொத்தம் 15 மீட்டர்" என்று அடித்துவிடுகிறார்கள்.

தேவாலயத்தின் அடித்தளக் கல்வரிசையில் ஒரு புள்ளியை நிலையான மட்டமாக வையுங்கள். கல்லின் நான்கு பக்கத்துத் தரையையும் அதிலிருந்து அளந்து தேதியோடு குறியுங்கள். உச்சியில் இருக்கும் கவசம் கல்லல்ல, அதைத் தனியாக எழுதுங்கள். கோணமானியால் அளப்பதானால், கண்மட்டத்துக்கு மேல் 6 மீட்டர் உயரத்துக்கு 6 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அங்கே ஒரு பாகை பிசகினால் 21 செ.மீ. போகும், 20 மீட்டரில் நின்றால் 38 செ.மீ.

தோட்டத்தில் உள்ள சிறு கல்

முன்பு பெரிய கல்லருகே இருந்தது. இன்றைய இடத்தை வைத்து இரண்டு கல்லையும் இணைத்து நேர்கோடு போடாதீர்கள்.

மேடென்றால் பிணம் இருக்கும் என்பது

அருகிலுள்ள வில்லி ஹவ் என்னும் மண்மேடு சுமார் 7 மீட்டர் உயரம். 1857-இலும் 1887-இலும் தோண்டினார்கள். மனித எலும்பு கிடைக்கவில்லை. "ஈமமேடு" என்று எழுதுமுன் அகழாய்வுப் பதிவைப் பாருங்கள்.

சாக்பீஸ்

கல்லின் மேல் கோடு போட வேண்டாம்.

மெட்டல் டிடெக்டர்

பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்துவது பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி குற்றம்.

கர்சஸை நடந்து தேடுவது

ஊரைச் சுற்றி நான்கு கர்சஸ்கள் இருக்கின்றன. இருபுறமும் பள்ளமும் கரையும் கொண்ட, புதிய கற்காலத்து நீண்ட அமைப்புகள். பெரும்பகுதி உழவில் மழுங்கிவிட்டது. வறண்ட கோடையில், புதைந்த பள்ளத்தின் மேல் பயிர் பச்சையாக நிற்கும்போது எடுத்த வான்படத்தை முதலில் பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள்.