சின்னக் கடல்நீர்த் தொட்டியில் யாரை யாரோடு விடலாம்?

80 லிட்டர் தொட்டியில் இரண்டு மீன்கள் முட்டிக்கொண்டால், தோற்ற மீனுக்கு ஓடி ஒளிய இடம் கிடையாது. அதனால் மீன் வாங்கப் போகும் முன்பே பட்டியலைக் காகிதத்தில் எழுதி, தயங்காமல் அடித்துத் திருத்துங்கள்.

1. முதலில் தண்ணீர். மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும்.

2. அடுத்து, அடிக்க வேண்டிய பெயர்கள். ப்ளூ டாங் குட்டியாக இருக்கும்போது கொள்ளை அழகு. ஆனால் 30 செ.மீ. வரை வளரும். மாண்டரின் மீன் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிரிகளைத் தேடித் தேடித் தின்பது. சின்னத் தொட்டியில் அவை சீக்கிரம் தீர்ந்துபோய், மீன் பட்டினியில் மெலியும். டாம்செல் வகைகளில் பல சரியான ரவுடிகள். கோமாளி மீன் குடியிருக்கும் பூப்போன்ற உயிரியான கடல் சாமந்தியும் இப்போதைக்கு வேண்டாம்: இடம் மாறி நகர்ந்து, பக்கத்துப் பவளங்களைத் தேள்போலக் கொட்டிவிடும். அது இல்லாமலும் கோமாளி மீன் நிம்மதியாக வாழும்.

3. சரி, யார் மிச்சம்? ஆசெலாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி. அளவில் வித்தியாசமான இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்குங்கள். பெரியது பெண்ணாக மாறும், சின்னது ஆணாகிவிடும்.

அப்புறம் என் விருப்பம், மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் பிஸ்டல் இறாலும். இறாலுக்குப் பார்வை மங்கல். அது வளை தோண்ட, கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் கோபியின் மேல் பட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை ஆட்டும், உடனே இறால் உள்ளே போய்விடும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பாறைகளை மணல் மேல் வைக்காமல், தொட்டியின் அடிக்கண்ணாடியில் அமரும்படி வையுங்கள். இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்டப் பாறை சரியும்.

இந்த மூன்று மீன்களே இந்த அளவுக்குப் போதும். தொட்டிக்கு வலைமூடி அவசியம். மூடி இல்லாத என் முதல் தொட்டியிலிருந்து குதித்த மீனை மேசைக்குப் பின்னால் காய்ந்த நிலையில்தான் கண்டெடுத்தேன்.

4. துப்புரவுக்கு ட்ரோகஸ் நத்தைகள் நான்கைந்து. கவிழ்ந்தாலும் தானாகத் திரும்பிவிடும். துறவி நண்டு வேண்டுமானால் காலி நத்தை ஓடுகளைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும்.

5. விடும் வரிசை: நத்தைகள், பிறகு கோபியும் இறாலும், கடைசியில் கோமாளி. முதலில் வந்தால் அது மொத்தத் தொட்டியையும் தன் இடம் என்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். இறாலையும் நத்தையையும் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்கித்தான் விட வேண்டும். உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காது.

மீனுக்கு நோய் வந்தால் வேறு தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள். தாமிரம் கலந்த மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் விஷம்.

ஒருநாள் காலையில் இறால் செத்துக் கிடப்பதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அது உரித்துப்போட்ட வெறும் ஓடாகத்தான் இருக்கும்.